பரதநாட்டிய வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் முன்னும், சேர்த்த முதல் ஆண்டிலும்

டிவியில் பாட்டு வந்தால் போதும், பிள்ளை சோபாவை விட்டு இறங்கி ஆட ஆரம்பித்துவிடுகிறது. அதைப் பார்த்து அடுத்த மாதமே டான்ஸ் கிளாஸில் சேர்க்கிறோம். மூன்று மாதம் போனதும், "இன்னும் தை யா தை தானா? ஒரு பாட்டுக்குக்கூட ஆட வரலையே" என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. ஆறாம் மாதம் வகுப்பு நின்றுபோகிறது. பிள்ளைக்கு ஆட வராததால் இப்படி ஆவதில்லை. முதல் ஆண்டில் என்ன நடக்கும், எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதைப் பெற்றோருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததே பெரும்பாலும் காரணம். பரதநாட்டியத்தில் முதல் ஆண்டு என்பது ஒழுங்காக நிற்கவும், காலைத் தட்டவும், தாளத்தை உடம்பில் வாங்கவும் பழகுகிற காலம். பாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த வயதில் சேர்ப்பது

வழக்கமாக ஐந்து வயது முடிந்ததும் சேர்க்கிறார்கள். ஆறிலோ ஏழிலோ சேர்த்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கவனம் நிற்கும், சொன்னது புரியும். ஐந்து வயதில் சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் சீக்கிரமே எட்டிப்பிடித்துவிடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை அரைமண்டியில், அதாவது முட்டியை வெளியே திறந்து பாதி உட்கார்ந்த நிலையில், நிற்கவைக்க வேண்டாம். அந்த வயதில் கைதட்டுவது, தாளத்துக்கு நடப்பது, குதிப்பது, பொம்மலாட்டம் மாதிரி முகபாவம் காட்டி விளையாடுவது போதும். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் இடம் கிடைத்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம்.

வயதைவிட முக்கியமான அடையாளங்கள் சில உண்டு. அம்மாவோ அப்பாவோ கண்ணில் படாமல் முக்கால் மணி நேரம் இருக்க முடிகிறதா? "முதல்ல கையை இடுப்புல வை, அப்புறம் காலைத் தூக்கு" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறதா? ஒற்றைக் காலில் ஐந்து முறை நொண்டியடிக்க வருகிறதா? பாத்ரூம் போக வேண்டும் என்று வேற்று ஆளிடம் கேட்கத் தெரிகிறதா? நான்கில் மூன்றுக்கு ஆம் என்றால் சேர்க்கலாம். இடது வலது தெரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். வலது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் "கயிறு பக்கம்" என்று டீச்சர் சொல்லிக்கொள்வார்.

ஆண் பிள்ளை ஆசைப்பட்டால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். இந்தக் கலையைப் பல தலைமுறை கற்றுக்கொடுத்துக் காத்த நட்டுவனார்கள் என்ற நடன ஆசான்கள் ஆண்கள்தான். நிகழ்ச்சியைத் தொடங்கும் அலாரிப்பு முதல் முடிவில் வரும் தில்லானா வரை இன்றைக்கும் மேடையில் நாம் பார்க்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். ஆனால் இருபது பெண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பையன் என்றால் அவன் நாலைந்து வாரத்தில் கூச்சப்பட்டு நின்றுவிடக்கூடும். இன்னொரு பையன் இருக்கும் பேட்ச் எது என்று கேட்டு அதில் போடச் சொல்லுங்கள்.

டீச்சரைத் தேர்ந்தெடுப்பது

வீட்டுக்குப் பக்கம், கட்டணம் குறைவு, பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது. இந்த மூன்றை வைத்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே பெரிய வசதிதான். வாரம் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போய் வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆடத் தெம்பு இருக்காது. என்றாலும் சேர்க்கும் முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். டெமோ கிளாஸ் என்று தனியாக நடத்துவதைப் பார்த்துப் பயனில்லை. சாதாரண நாள் வகுப்பைப் பார்க்க வேண்டும்.

டீச்சர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். நல்ல ஆரம்பநிலை வகுப்பில் டீச்சர் கொஞ்ச நேரம் தட்டுமனை என்ற மரப்பலகையின் முன் உட்கார்ந்து தட்டுக்கழி என்ற சிறு கோலால் தாளம் தட்டுவார். கொஞ்ச நேரம் எழுந்து வரிசைக்குள் போய் ஒவ்வொரு பிள்ளையின் முட்டி, முதுகு, தோள் எல்லாம் பார்த்துத் திருத்துவார். மணி முழுக்கப் போனைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருந்தால், அல்லது மூத்த மாணவியிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டால், அந்த வகுப்பில் தவறுகள் திருத்தப்படாமலே இறுகிப்போகும். பிள்ளையின் உடம்பில் ஆறு மாதம் ஊறிய தவறான அரைமண்டியை மாற்ற ஒரு வருஷம்கூட ஆகும்.

பேட்ச்சில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் ஒரு டீச்சர் பார்த்துக்கொள்ளலாம். இருபத்தைந்து பேர் என்றால் பின்வரிசையில் இருப்பவர்கள் முன்வரிசையைப் பார்த்துக் காப்பியடிப்பார்கள், அவ்வளவுதான். பின்வரிசையும் முன்வரிசையும் நடுவில் இடம் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். மாற்றிவிடுகிற டீச்சர் அக்கறையானவர்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "முதல் வருஷம் என்ன சொல்லிக்கொடுப்பீங்க?" "அடவுதாங்க. தட்டடவு, நாட்டடவு, கை முத்திரை, கொஞ்சம் தாளம். பிள்ளையைப் பொறுத்து மத்தது" என்று பதில் வந்தால் நிம்மதியாகச் சேர்க்கலாம். அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு. "மூணே மாசத்துல ஸ்டேஜ்ல ஆட வெச்சிடுவேன்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். யாரிடம் கற்றார், எந்தப் பாணி என்பதையும் மரியாதையாகக் கேட்கலாம். ஒழுங்காகக் கற்றவர் பெருமையாகவே சொல்வார். பந்தநல்லூர், வழுவூர், ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் வழி என்று பாணிகள் உண்டு. எது உசத்தி என்று பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் ஒரு பாணியில் ஆரம்பித்ததை முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் மாற்றாமல் இருப்பது நல்லது. ஒரே அடவுக்குக் கை வைக்கும் இடமும், தாளத்துக்கு வாயால் சொல்லும் சொற்கட்டும் பாணிக்குப் பாணி மாறும்; பிள்ளை குழம்பிப்போகும்.

பணத்தையும் முதல் நாளே பேசிவிடுங்கள். மாதக் கட்டணம் மட்டுமல்ல, லீவு மாதத்துக்குக் கட்டணம் உண்டா, ஆண்டுவிழா காஸ்டியூம், மேக்கப், ஹால் செலவில் பங்கு எவ்வளவு, முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜை எப்போது என்று கேளுங்கள். பின்னால் வரும் மனவருத்தங்களில் பாதி இதில்தான் வருகிறது.

பிள்ளையின் பாதுகாப்பு பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வகுப்பு நடக்கும் அறை வெளியிலிருந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். முட்டியையும் தோளையும் தொட்டுத் திருத்துவது இந்தக் கலையில் இயல்பு. அதைச் சொல்லிவிட்டுத் தொடும் டீச்சரே நல்லவர். தட்டுக்கழி பலகையில் படுவதற்காக இருக்கிறது. அது பிள்ளையின் காலில் படும் இடத்தில், "அந்தக் காலத்துல இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்று யார் சொன்னாலும், பிள்ளையை விடாதீர்கள்.

கட்டணம் கட்டச் சிரமம் என்றால் தமிழ்நாட்டில் அரசின் கலை பண்பாட்டுத் துறையைச் சேர்ந்த ஜவகர் சிறுவர் மன்றங்களைப் பாருங்கள். 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பரதம், பாட்டு, ஓவியம் போன்றவற்றை மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் பரதநாட்டியம் உண்டு. ஆனால் அது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மூன்றாண்டுப் படிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

சேரும் நாளும் உடுப்பும்

விஜயதசமியன்று சேர்ப்பது வழக்கம். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, முடிந்த தட்சிணை வைத்துப் பிள்ளையின் கையால் கொடுத்து வணங்கச் சொல்வார்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். ஒரு மாதத்தில் குறைந்துவிடும், பயப்பட வேண்டாம். வேறு நாளில் சேர்த்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வேற்று மதத்தைச் சேர்ந்த குடும்பம் என்றால் சுலோகம், பூஜை பற்றி முன்பே டீச்சரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். பல டீச்சர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

முதல் சில மாதத்துக்குப் பயிற்சிப் புடவை வாங்க அவசரப்படாதீர்கள். பருத்தியில் குர்தாவும் பைஜாமாவும் போதும். துப்பட்டாவைத் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பைஜாமா தொளதொளவென்று இருந்தால் முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று டீச்சருக்குத் தெரியாது. பாட்டியாலா மாதிரி வேண்டாம். முடியை இழுத்துப் பின்னி மடித்துக் கட்டுங்கள், நெற்றியில் விழும் முடிக்கு கிளிப். வெள்ளிக் கொலுசைக் கழற்றிவிட வேண்டும். காலைத் தட்டும்போது கணுக்காலில் குத்தும், சத்தமும் தாளத்தைக் குழப்பும். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பையில் தண்ணீர், ஒரு சின்னத் துண்டு, ஒரு நோட்டு. சலங்கை இப்போது வேண்டவே வேண்டாம். கடையில் அழகாக இருக்கிறதென்று வாங்கிவந்து மாட்டிவிட்டால், கால் தரையில் எப்படி விழுகிறது என்ற சத்தத்தையே கேட்க முடியாமல் போகும்.

வகுப்புக்கு ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிடக் கொடுங்கள். இட்லி, வாழைப்பழம், சுண்டல் மாதிரி ஏதாவது. ஸ்கூல் விட்டு நேரே வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைதான் பதினைந்தாவது நிமிஷத்தில் உட்கார்ந்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தாலும் அரைமண்டியில் குனியக்கூட முடியாது.

முதல் மாதங்களில் உண்மையில் என்ன கற்கிறார்கள்

வகுப்பு வணக்கத்தோடு தொடங்கி வணக்கத்தோடு முடியும். பூமியைத் தொட்டு, இனி உன்மேல் காலால் தட்டப்போகிறேன், பொறுத்துக்கொள் என்று கேட்கும் பாவனை அது. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். பிறகு ஐந்து பத்து நிமிஷம் கால் கை நீட்டி உடம்பைச் சூடாக்குவார்கள். அதைத் தவிர்க்கும் வகுப்பில் தாமதமாக வந்து சேரும் பிள்ளைக்கும் முட்டி வலி வரும், சீக்கிரம் வந்த பிள்ளைக்கும் வரும்.

அடுத்து அரைமண்டி. எல்லாமே இதன்மேல்தான் கட்டப்படுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முட்டிகள் வெளியே திறந்து, முதுகு நிமிர்ந்தபடி பாதி உட்கார்ந்த நிலை அது. படத்தில் பார்க்கும் நடனமணியின் பாதங்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதைப் பார்த்து, பிள்ளையின் பாதத்தையும் பிடித்து அப்படித் திருப்பிவிடக் கூடாது. கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அதற்கு மேல் பாதத்தை மட்டும் இழுத்தால், மீதித் திருப்பம் முட்டியிலும் கணுக்காலிலும் விழும். உடனே மூன்று அறிகுறிகள் தெரியும்: முட்டி உள்பக்கம் சாயும், உள்ளங்காலின் வளைவு தரையோடு படுத்துவிடும், பின்பக்கம் வெளியே தள்ளி இடுப்பு குழியும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிள்ளை அரைமண்டியில் நிற்கும்போது முட்டிச்சில்லின் நடுவிலிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். சாவி கால் விரல்கள் இருக்கும் திசைக்கு மேலாகத் தொங்கினால் சரி. கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் தொங்கினால் பாதத்தை அளவுக்கு மீறித் திருப்பியிருக்கிறது. பாதத்தைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதுகுக்குச் சுவர் இருக்கிறது. சுவரில் சாய்ந்து, குதிகாலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, தலையின் பின்புறம், தோள்பட்டை, பின்பக்கம் மூன்றும் சுவரில் பட்டபடி மெல்லக் கீழே இறங்க வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழும்பும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டு எண்ணும்வரை நின்று எழுந்தால் ஒரு முறை. அப்படி நான்கு முறை போதும். வாரங்கள் போகப்போக எட்டைப் பதினாறாக்கலாம், முப்பத்திரண்டாக்கலாம். ஆழம் தானாக வரும். ஆழமாக உட்காரச் சொல்லி அவசரப்படுத்தினால் முதுகு கூன் விழும்.

அரைமண்டி ஓரளவு நின்றதும் தட்டடவு. பின்னங்கையை இடுப்பில் பதித்து, முழங்கையை விரித்து வைத்துக்கொண்டு, "தை யா தை ஈ" என்ற சொற்கட்டுக்கு வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். முதல் தட்டடவில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு தட்டு, அடுத்ததில் இரண்டிரண்டு என்று கூடிக்கொண்டு போகும். பார்க்கச் சுலபம். செய்யும்போது மூன்று இடத்தில் சறுக்கும். காலைத் தூக்கும்போது குதிகால் பின்பக்கத்தை நோக்கி மடங்கி மேலே போக வேண்டும், பிள்ளைகள் முட்டியை முன்னால் கொண்டுவந்து அணிவகுப்பு மாதிரி தட்டுவார்கள். பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தட்டையாக விழ வேண்டும், முன்பாதம் மட்டும் பட்டால் "டப்" என்று வராது, "தப்" என்று வரும். காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு எழும்பி எழும்பி இறங்கும். தலைக்கு மேல் ஒரு அங்குல உயரத்தில் ஸ்கேலைப் பிடித்து, அதில் தலை முட்டாமல் தட்டச் சொன்னால் பிள்ளைக்கே விளையாட்டாகிவிடும்.

ஒவ்வொரு அடவும் மூன்று காலத்தில் செய்ய வேண்டும். வழக்கமாக ஒரு தாள எண்ணிக்கைக்கு முதல் காலத்தில் ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பிள்ளைகள் இரண்டாம் காலம் வந்ததும் வேகமாக ஆடுவதாக நினைத்து ஓடிவிடுவார்கள். தாளம் அதே வேகத்தில்தான் இருக்கிறது, அதற்குள் தட்டுகள்தான் இரட்டிப்பாகின்றன என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது புரிய ஆதி தாளம் போடப் பழக்குங்கள்: தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. வீச்சு என்பது உள்ளங்கையை மேலே திருப்பி வைப்பது. அப்பா கையால் தாளம் போட, பிள்ளை வாயால் "தை யா தை ஈ" சொல்லட்டும். முதலில் எண்ணிக்கைக்கு ஒன்றாக, பிறகு இரண்டாக. ஆடாமல், உட்கார்ந்தபடியே. வாய் சொன்னதைத்தான் கால் பின்னால் செய்யும்.

வாரம் இரண்டு வகுப்புக்குப் போகும் ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குத் தட்டடவு முழுவதும் மூன்று காலத்திலும் அமைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். பிறகு நாட்டடவு: காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை நாட்டும் அடவு, கையும் இங்கேதான் சேர்கிறது. நீட்டிய காலின் முட்டி மடங்குவதும், தாங்கி நிற்கும் காலின் அரைமண்டி நிமிர்ந்துவிடுவதும் இதில் வழக்கமான கோளாறு.

கை முத்திரைகள் நடுநடுவே வரும். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை முத்திரைகள் 28; "பதாக த்ரிபதாகோ" என்று தொடங்கும் சுலோகமாகப் பிள்ளைகள் பாடியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். வாரம் நான்கு என்று போனால் ஏழு வாரம். சுலோகம் வந்துவிடும், விரல்தான் வராது. விரல்களைச் சேர்த்து நீட்டும் பதாகத்தில் சுண்டுவிரல் தனியே விலகி நிற்கும். விரல்களுக்கு இடையே ஒரு சீட்டைச் செருகிக் கீழே விழாமல் பிடிக்கச் சொல்லுங்கள். திரிபதாகத்தில் மோதிரவிரலை மட்டும் மடக்க வேண்டும், சுண்டுவிரலும் கூடவே மடங்கும். இந்த இரண்டு விரல்களின் தசைநார்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்வதால் பெரியவர்களுக்கே அது உடனே வருவதில்லை. மறு கையால் சுண்டுவிரலைப் பிடித்து நிறுத்திப் பழகினால் சில வாரத்தில் பிரிந்து நிற்கும். இதைக் காரில், பஸ்ஸில், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது என எங்கும் செய்யலாம்.

வீட்டில் பயிற்சி

ஒரு நாளைக்கு பத்து முதல் பதினைந்து நிமிஷம், வாரத்தில் நான்கு நாள். இதற்கு மேல் இந்த வயதில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்வதால் கால் வலி ஒன்றுதான் மிச்சமாகும். நேரத்தை எதனுடனாவது முடிச்சுப் போடுங்கள்: ஹோம்வொர்க் முடிந்ததும், அல்லது பால் குடித்த அரைமணி கழித்து. ஒரு நாள் பயிற்சி இப்படி இருக்கலாம்:

1. கால் கணுக்காலைச் சுழற்றி, கை கழுத்தை நீட்டி, இரண்டு நிமிஷம்.
2. சுவரில் அரைமண்டி, எட்டு எண்ணிக்கை, நான்கு முறை.
3. டீச்சர் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த அடவுக்கு முந்தைய அடவு, முதல் காலத்தில், இரண்டு பக்கமும்.
4. புது அடவு, முதல் காலத்தில் மட்டும்.
5. முத்திரை சுலோகம் ஒரு முறை, வணக்கம்.

புது அடவை டீச்சர் பார்த்துத் திருத்தும் முன் வீட்டில் இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஓட்டவிடாதீர்கள். வேகத்தில் தவறு மறைந்துபோகும், உடம்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

தரை முக்கியம். பழைய வீடுகளில் மண் தரை இருந்தது, இன்றைக்கு நம் வீடுகளில் கான்கிரீட்டின் மேல் டைல்ஸ். அதில் முழு பலத்தோடு தட்டினால் அதிர்ச்சி முழுவதும் குதிகாலுக்கும் முட்டிக்கும் திரும்புகிறது. பாயும் ஜமுக்காளமும் வழுக்கும், பிள்ளைகள் விளையாடும் மெத்தென்ற விரிப்பில் கணுக்கால் ஆடும். நான்கடிக்கு நான்கடி அளவில் ஒரு கனமான பிளைவுட் பலகை வாங்கி, அதன் நான்கு மூலையும் நடுவும் படும்படி கீழே ரப்பர் ஷீட் விரித்துப் போட்டால் நல்லது. விளிம்பைத் தேய்த்துச் சிலாம்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் வீட்டில் காலை மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். நிலையும் கணக்கும் சரியாக இருந்தால் போதும், பலமாகத் தட்டுவதை வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். அபார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரர்களின் பகை வராமலும் இருக்கும்.

யூடியூபைப் பார்த்துப் பயிற்சி செய்யவைக்காதீர்கள். வேறு பாணியில் வேறு மாதிரி இருக்கும், அடுத்த வகுப்பில் டீச்சர் திட்டுவது பிள்ளையைத்தான். அனுமதி கேட்டு உங்கள் டீச்சர் செய்வதையே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். அடவு பற்றித் தெரியாத பெற்றோர் தாளம் போடலாம், சுவரையும் நூலையும் வைத்துப் பார்க்கலாம், கைதட்டலாம். அதற்கு மேல் திருத்தப் போக வேண்டாம். வீட்டில் ஒரு திருத்தம், வகுப்பில் ஒரு திருத்தம் என்றால் பிள்ளைக்கு இரண்டின்மேலும் நம்பிக்கை போய்விடும்.

வெளிநாட்டில் இருந்து ஆன்லைனில் கற்கும் பிள்ளைகளுக்குத் தனி இடைஞ்சல் ஒன்று உண்டு. டீச்சர் தட்டுவது இங்கே கொஞ்சம் தாமதமாக வந்து, பிள்ளை தட்டுவது அங்கே இன்னும் தாமதமாகப் போய்ச் சேரும். அதனால் டீச்சரின் கண்ணுக்குப் பிள்ளை எப்போதும் தாளம் தப்பியே ஆடும். டீச்சர் சொற்கட்டைப் பதிவு செய்து அனுப்ப, அதைப் பிள்ளை இருக்கும் இடத்தில் வேறு போனில் போட்டு ஆடவைத்தால் இது தீரும். கேமராவை முட்டி உயரத்தில் வைத்து, தலையும் பாதமும் சேர்ந்து தெரியும்படி தள்ளி வையுங்கள். ஏழு வயதுக்குக் கீழே என்றால் முதல் ஆறு மாதமாவது நேரில் கற்க முடியுமா என்று முயலுங்கள்.

வலி என்றால்

முதல் வாரங்களில் தொடையும் கெண்டைக்காலும் வலிப்பது இயல்பு. இரண்டு நாளில் போய்விடும். முட்டியின் உள்பக்க வலி, ஒரே காலில் மட்டும் வலி, காலையில் எழுந்ததும் நொண்டுவது, வீக்கம் ஆகியவை இயல்பு அல்ல. எட்டு வயதுக்கு மேல் குதிகாலின் பின்புறம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையாக இருக்கும், திரும்பத் திரும்பத் தட்டுவதால் அது நோகும். தட்டுவதை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை கை முத்திரை, தாளம், கண் கழுத்து அசைவு என்று உட்கார்ந்தபடி வகுப்பில் கலந்துகொள்ளலாம். ஆஸ்துமா, தட்டைப் பாதம், முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு எதுவாக இருந்தாலும் சேரும்போதே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும்.

மேடை ஆசை

ஸ்கூல் ஆனுவல் டேக்கு ஒரு சினிமா பாட்டுக்கு ஆடுவதில் தவறில்லை. அதற்காக இரண்டு மாத அடவுப் பயிற்சியை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டையே ஓட்டுவதுதான் கெடுதல். அடவு தெரியாமல் ஐட்டம் கற்ற பிள்ளை அந்த ஒரு ஐட்டத்தை மட்டும்தான் ஆடும். அடவு நன்றாக வந்த பிள்ளைக்கு எந்த ஐட்டத்தையும் சொல்லிக்கொடுக்க முடியும், ஏனென்றால் அலாரிப்பும் ஜதிஸ்வரமும் அந்த அடவுகளைக் கோத்துத்தானே அமைந்திருக்கின்றன. அடவுகள் பெரும்பாலும் முடிந்து அலாரிப்புக்கு வர இரண்டு ஆண்டு ஆவது சாதாரணம். சலங்கை பூஜை அதையொட்டி வரும். அரங்கேற்றம் ஏழு, எட்டு, பத்து ஆண்டு தள்ளி இருக்கிறது. நேரடிப் பக்கவாத்தியம், ஹால், உடை என்று லட்சக்கணக்கில் செலவாகும் காரியம். அரங்கேற்றம் செய்யாமலே நன்றாக ஆடுகிறவர்கள் உண்டு. ஆறு வயதுப் பிள்ளை முன்னால் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. வகுப்பில் வேறு யாருக்கு அலாரிப்பு ஆரம்பித்தாகிவிட்டது என்ற கணக்கும் வேண்டாம்.

"நான் போகமாட்டேன்" என்றால்

மூன்றாம் மாதமும் எட்டாம் மாதமும் இந்தப் பேச்சு அடிக்கடி வரும் சமயங்கள். முதலில் புதுமை தீர்கிறது, பின்னால் இரண்டாம் காலம் கடினமாகிறது. "ஏன்?" என்று கேட்டால் "போர் அடிக்குது" என்றுதான் பதில் வரும். அதைவிட, "இன்னைக்கு கிளாஸ்ல உன் பக்கத்துல யார் நின்னா? மிஸ் உன்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். யாரோ சிரித்திருப்பார்கள், பாத்ரூம் இருட்டாக இருக்கும், புது அடவு நடந்த அன்று லீவு போட்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை டீச்சரிடம் ஐந்து நிமிஷம் பேசினால் சரிசெய்துவிடலாம். பிள்ளை குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டு பயப்படுவது போலத் தெரிந்தால் மட்டும் பேச்சுவார்த்தைக்குக் காத்திராமல் உடனே நிறுத்திவிட்டு விசாரியுங்கள். தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

உண்மையிலேயே விருப்பமில்லை என்று தெரிந்தால், நடுவில் பிடுங்காமல் கற்றுக்கொண்டிருக்கும் அடவுத் தொகுதி முடியும்வரை ஒரு மாதமோ என்னவோ போகச் சொல்லி, டீச்சரிடம் நேரில் சொல்லி வணங்கிவிட்டு நிறுத்தலாம். ஒன்பது வயதில் தானாகக் கேட்டு மறுபடி வரும் பிள்ளைகள் நிறைய. பரீட்சை, காய்ச்சல், ஊருக்குப் போனது என்று ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் சுவர் அரைமண்டியும் தட்டடவு முதல் காலமும் மட்டும். மூன்றாம் வாரம் இரண்டாம் காலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான்காம் வாரம் பழைய பேட்ச்சோடு நிற்கவையுங்கள்.